அடுப்பு அணையாமல் அடுக்களையைப் புதுப்பிக்க: காவிரிப் படுகை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் அடுக்களையை மூன்று கோடைகளில், மூன்று தவணையாகப் புதுப்பித்தோம். மொத்த வேலையையும் ஒரே மூச்சில் முடிக்கப் பணம் இல்லை என்பதுதான் தொடக்கத்தில் இருந்த காரணம். வேலை நடக்க நடக்க, பணமே இருந்திருந்தாலும் இந்த மண்ணில் ஒரு பழைய வீட்டை இப்படிப் பிரித்துப் பிரித்துச் செய்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. முதல் ஆண்டு செய்த வேலை சரியா தவறா என்பதை அடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை மழை காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்த்தபிறகு அடுத்த ஆண்டுப் பணத்தைப் போட்டால் நஷ்டம் குறையும். முதன்முதலாகக் கொத்தனாரை வீட்டுக்கு அழைக்கப்போகிறவர்களுக்காக, நாங்கள் செய்ததையும், மறுபடி செய்ய நேர்ந்தால் மாற்றிச் செய்ய நினைப்பதையும் வரிசையாக எழுதுகிறேன்.

இதில் வரிசைதான் உயிர்நாடி. கடைக்குப் போனால் டைல்ஸும் கிரானைட்டும் மின்புகைபோக்கியும் பளபளக்கும் அலமாரிக் கதவுகளும் கண்ணை இழுக்கும். ஓர் அடுக்களை பத்து ஆண்டு தாங்குமா என்பதோ சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துபோகிறவற்றைப் பொறுத்தது: ஓதம் ஏறாத சுவர், அடைக்காத கழிவுக்குழாய், சரியான கனத்தில் இழுத்த மின்கம்பி. ஆகவே மறையப்போகிறவற்றுக்கு முதலில் செலவிடுங்கள், கண்ணுக்குத் தெரிவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இதனோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொரு கட்டமும் முடிகிற அன்றைக்கு அந்த அடுக்களையில் உலை வைக்க முடியவேண்டும். அடுத்த கட்டம் ஓராண்டு தள்ளிப்போனாலும் வீட்டுப் பெண்கள் அல்லல்படாத இடத்தில்தான் வேலையை நிறுத்த வேண்டும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

டெல்டாவில் பணம் வரும் காலமும் கட்டட வேலைக்குத் தோதான காலமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் நடக்கிறது. நெல் போட்ட பணம் கைக்கு வரும்போது வானமும் வெளுத்திருக்கும். மாசி முதல் வைகாசி வரையுள்ள நான்கு மாதங்களே உடைப்பதற்கும் பூசுவதற்கும் உரியவை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்குப் பிறகு ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால், கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலேறிச் சுவரடி நசநசப்பதைப் பழைய வீட்டுக்காரர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் கேட்கவே வேண்டாம். குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில் கைக்கு வருகிறது என்பதற்காக அப்போது சுவரில் கை வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் குழாய், சுவிட்சு, பாத்திரம் கழுவும் சின்க், டைல்ஸ் போன்ற கெடாத பொருள்களை வாங்கி வைக்கலாம். சிமெண்டை மட்டும் முன்கூட்டியே வாங்கி அடுக்கக்கூடாது; ஈரக்காற்றில் மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டி வலுவிழந்துவிடும்.

மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் ஒரு சீட்டைப் பங்குனி வாக்கில் எடுக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்து அலமாரிக் கதவு போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒழுகும் கூரைக்காகவோ தோல் உரிந்த மின்கம்பிக்காகவோ கடன் வாங்குவது வேறு விஷயம், ஏனென்றால் அவை தள்ளிப்போடப் போடச் செலவை வளர்ப்பவை. அலமாரிக்குக் கதவு அடுத்த ஆண்டும் போடலாம்.

கொத்தனார் வருவதற்கு முன் ஒரு வாரம்

காசு செலவில்லாத கட்டம் இது. சமைக்கிறவர் எங்கே நிற்கிறார், எதை எடுக்க எத்தனை முறை குனிகிறார், எந்த வேலைக்காகக் கொல்லைக்குப் போய் வருகிறார் என்பதை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். சமைக்கிறவர் நீங்களாக இல்லாவிட்டால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அளவெடுத்தது நான், நின்று சமைப்பது அம்மா. அந்த இடைவெளியில் விளைந்த தவறு ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு பாத்திரங்கள் அனைத்தையும் கீழே இறக்கித் தாழ்வாரத்தில் பரப்புங்கள். அன்றாடம் புழங்குவது, நாள் கிழமைக்கு எடுப்பது, எடுப்பதே இல்லாதது என்று மூன்றாகப் பிரித்தால், அடுக்களைக்குள் இருக்க வேண்டியவை எத்தனை குறைவு என்பது தெரியும். பித்தளை அண்டாவும் தவலையும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் இறங்குகின்றன என்றால் அவற்றின் இடம் பரண். அதே நேரம் 25 கிலோ அரிசிச் சிப்பம், உளுந்து, புளிப் பானை, எண்ணெய்த் தகரம் ஆகியவற்றுக்குத் தரையை ஒட்டிய, எலி நுழையாத, ஈரம் படாத இடம் வேண்டும். கடைகளில் காட்டும் அலமாரிகள் மாதச் சாமான் வாங்கும் நகரத்து வீடுகளைக் கருதிச் செய்யப்பட்டவை. ஆண்டுக்கு வேண்டிய நெல்லையும் புளியையும் எடுத்து வைக்கும் வீட்டுக்கு அந்த அளவுகள் பொருந்துவதில்லை.

அதன்பின் கட்டம் போட்ட நோட்டில் அறையை வரையுங்கள்: ஓர் அடிக்கு ஒரு கட்டம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே வெளியேறுகிறது. அடுப்பு அக்னி மூலையில், கிழக்குப் பார்த்துச் சமைக்கும்படி இருக்க வேண்டும் என்பது வீட்டில் முக்கியமென்றால் அதை இந்தத் தாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேடை கட்டியபிறகு எழும் வாஸ்துப் பேச்சுதான் எல்லாவற்றிலும் செலவு பிடித்தது.

சுவரும் கூரையும்

பழைய வீட்டில் முதல் ஆண்டுப் பணம் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஓதத்தைப் பார்க்க வேண்டிய மாதம் கார்த்திகை, சரிசெய்ய வேண்டிய மாதம் மாசி. சித்திரையில் காய்ந்து கிடக்கும் சுவரைப் பார்த்து நல்ல சுவர் என்று எண்ணி டைல்ஸ் ஒட்டினால் மழைக்காலம் அதைத் தள்ளிவிடும். மழைக்காலத்தில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அங்கே பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போட்டு வையுங்கள். கோடைக்கு அந்தக் கோடுதான் அளவு.

அடுத்து ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் காரணம் சுவருக்கு வெளியே இருக்கும். கொல்லைப்புறத் தரை காலப்போக்கில் மண் மேடிட்டு அடுக்களைத் தரையைவிட உயர்ந்திருக்கலாம். கழுவிய தண்ணீர் சுவரோரம் தேங்கி நிற்கலாம். ஓட்டு நுனியிலிருந்து சொட்டும் மழைநீர் சுவரடியிலேயே விழலாம். மண்ணை வெட்டி அகற்றி, சுவரிலிருந்து வெளிப்புறமாக மூன்றடிக்கு வாட்டம் கொடுத்துத் தளம் போட்டாலே பாதி ஓதம் நின்றுவிடும். உள்ளே ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூசுவதைவிட வெளியே சித்தாள் ஒருவர் இரண்டு நாள் மண்வெட்டி பிடிப்பது பலன் தருவதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

உங்கள் வீடு சிறுசெங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியதென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தகைய சுவர் ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டு, தானே உலர்ந்துகொள்ளும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும்; உப்பும் சேர்ந்து பூச்சைப் பிதுக்கித் தள்ளும். எங்கள் வீட்டில் முதலில் வந்த கொத்தனார் ஒரே வாரத்தில் சிமெண்டால் பூசி முடித்தார். அந்தக் கார்த்திகையிலேயே அது அப்பளம்போல் உப்பி, கையால் தட்டினால் கழன்று விழுந்தது. மறு கோடையில் ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றரை மாதம் சுவரைச் சும்மா காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் காரையாலேயே பூசினோம். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்கும் பழைய முறை தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடமுழுக்குத் திருப்பணி நடக்கும் கோயில்களில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் ஆள் கிடைக்கும். சிமெண்டால் கட்டிய பிற்காலத்து வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றுக்குச் சிமெண்டுப் பூச்சே பொருந்தும்.

மணல் பற்றி ஒரு சொல். ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம். கட்டுவேலைக்குக் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்டும் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் உவர் மணலையும் உவர் நீரையும் கலவையில் சேர்க்கவே கூடாது. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதற்கு அதுவே தொடக்கம்.

கூரை ஒழுகலை இதே கோடையில் முடித்துவிடுங்கள். உடைந்த சீமை ஓடுகளை மாற்றுவதும், கறையான் அரித்த ரீப்பர்களை, அதாவது ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களை, மாற்றுவதும் பெரிய செலவில்லை. மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே எதைச் செய்தாலும் வீண்.

தண்ணீர் வருவதும் போவதும்

கழிவுநீர்க் குழாயைப் பற்றி யாரும் ஆசையோடு பேசுவதில்லை. அடுக்களை நாறுவதற்கும் கரப்பான் பெருகுவதற்கும் அதுவே முதற்காரணம் என்பதால் நான் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சின்க்கிலிருந்து வெளியேறும் குழாய் 2 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வாட்டம் நாற்பதுக்கு ஒன்று, அதாவது 10 அடி ஓடும் குழாய் 3 அங்குலம் இறங்க வேண்டும். குழாயைப் புதைத்து மூடுவதற்கு முன் ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து மறுமுனையில் தயங்காமல் வருகிறதா என்று பாருங்கள். சின்க்குக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக்குழாய் கட்டாயம் வேண்டும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் பூச்சிகளையும் தடுக்கிறது. வெளிமுனையில் வலைமூடி போடுங்கள். மழைக்காலத்தில் வயல் எலியும் பூரானும் மேட்டைத் தேடி வருகிறபோது திறந்த குழாய் அவற்றுக்கு நேர்வழியாகிவிடும்.

அடுக்களைத் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டியோடு இணைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு அங்கே போய்க் குழாயை அடைக்கும். சுவருக்கு வெளியே ஓரடி நீள அகல ஆழத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீர் முதலில் அதில் தேங்கி, பிசுக்கு மேலே மிதக்க, தெளிந்தது மட்டும் வெளியேறும்படி செய்து, அங்கிருந்து வாழைக்குக் கொண்டுபோகலாம். வாரம் ஒருமுறை பிசுக்கை வழித்தெடுக்க வேண்டியிருக்கும். அடுக்களைத் தண்ணீரில் வாழை வளர்ப்பது இங்கே தலைமுறை வழக்கம், அதைக் கைவிட ஒரு காரணமும் இல்லை. உறிஞ்சுகுழி வெட்டுகிறவர்கள் இங்குள்ள களிமண் மெதுவாகவே நீரை இழுக்கும் என்பதையும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியே நிரம்பி நிற்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, குழாய் வெளிவரும் மட்டத்தை இயன்றவரை உயர்த்தி வைக்க வேண்டும்.

சின்க் வாங்கும்போது என் கருத்து பலருக்கு மாறாக இருக்கலாம். கொல்லையில் பத்துப்பாத்திரம் தேய்க்க இடம் இருக்கும் வீட்டுக்குப் பெரிய இரட்டைத் தொட்டி சின்க் தேவையில்லை. 24-க்கு 18 அங்குலத்தில், எட்டு ஒன்பது அங்குல ஆழமுள்ள ஒற்றைத் தொட்டி போதும். மிச்சமாகும் பணத்தில் கொல்லையில் தேய்க்கும் இடத்தை இடுப்பு உயரத்துக்குத் திண்ணைபோல் உயர்த்தி, மேலே ஒரு தகரக் கூரையும் குழாயும் போடுங்கள். குந்தி உட்கார்ந்து தேய்க்க முழங்கால் இடம்கொடுக்காத வயதில் அது எத்தனை பெரிய உதவி என்பதை என் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

மின்சாரம்

பூச்சு வேலைக்கு முன்பே, சுவர் திறந்து கிடக்கும்போதே இது முடிய வேண்டும். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்யுங்கள். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி, 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. 750 வாட் மிக்சி ஏறத்தாழ மூன்றேகால் ஆம்பியர்தான் இழுக்கிறது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஆகவே அதைச் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் செருகுவது கம்பியைச் சூடேற்றுவதாகும். இன்று இண்டக்‌ஷன் இல்லாவிட்டாலும் அதற்கொரு பாயிண்டை இப்போதே விட்டுவையுங்கள், பிறகு சுவரை வெட்ட நேராது. குளிர்சாதனப் பெட்டிக்குத் தனி இணைப்பு, கிரைண்டருக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, மிகையாக ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மேடைக்கு மேல் எட்டு ஒன்பது அங்குல உயரத்தில், சின்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் இரண்டடியாவது தள்ளிச் சுவிட்சுப் பெட்டிகள் இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானை, அதாவது ஆர்.சி.சி.பி.யை, எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் இடம் வீட்டில் வேறெதையும்விட அடுக்களைதான். ஒயர்மேன் கம்பி இழுத்து முடித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஆணி அடிக்கும்போது கம்பி எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் படம்தான் காட்டும்.

முதல் ஆண்டு இவ்வளவோடு நிறுத்தலாம். பழைய மேடையோ மரப்பலகையோ இருந்த இடத்திலேயே அடுப்பை வைத்துச் சமையல் நடக்கும். பார்வைக்கு அடுக்களை முன்னைவிட மோசமாகவே இருக்கும். வருகிறவர்கள், இவ்வளவு செலவழித்தும் ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். அந்த மழைக்காலத்தைத் தாண்டுங்கள்.

மேடை

கொத்தனார்கள் பழக்கத்தில் 32 முதல் 34 அங்குல உயரத்தில் மேடை போடுகிறார்கள். அதை அப்படியே ஏற்காமல், சமைக்கிறவரை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கவும் பிசையவும் ஏற்ற உயரம் அது. அடுப்பு தானே சில அங்குலம் உயரமானது என்பதால், அடுப்பு வைக்கும் பகுதியை மூன்று அங்குலம் தாழ்த்திப் போட்டால் பெரிய குழம்புச் சட்டியைக் கிளறும்போது தோள் வலிக்காது.

நான் செய்த தவறு இங்கேதான். அம்மாவின் முழங்கை 37 அங்குலத்தில் இருந்தது, மேடையைச் சரியாக 33 அங்குலத்தில் போட்டோம். மறு ஆண்டு தரைக்கு டைல்ஸ் போட்டபோது கலவையும் கல்லுமாகச் சேர்ந்து தரை 2 அங்குலம் உயர்ந்துவிட்டது. மேடை 31 அங்குலமாகி, அம்மா ஓராண்டு குனிந்தபடி சமைத்தார். தரை வேலையை எந்த ஆண்டு செய்தாலும் சரி, அது முடிந்தபின் தரை எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை முதலிலேயே சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்துதான் மேடையின் உயரத்தை அளக்க வேண்டும்.

குறைந்த செலவில் மேடைக்கு நல்ல வழி கடப்பாக்கல். நாலரை அங்குலச் செங்கல் கால்களை இரண்டரை அல்லது மூன்றடிக்கு ஒன்றாக எழுப்பி, அவற்றின்மேல் இரண்டடி அகலக் கடப்பாப் பலகையைப் பதித்தால் மேடை தயார். தட்டடித்து, அதாவது பலகையால் அச்சுக் கட்டி, கான்கிரீட் போட வேண்டியதில்லை. கால்களுக்கு நடுவில் இன்னொரு கடப்பாப் பலகையைக் குறுக்கே வைத்தால் கீழ்த்தட்டும் கிடைத்துவிடும். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டால் அதன் மினுக்கு அரிக்கப்படும். கறையை உடனே துடைத்துவிட வேண்டும். பின்னால் பணம் வரும்போது அதன்மேலேயே முக்கால் அங்குலக் கிரானைட்டை ஒட்டிக்கொள்ளலாம். உயரம் கணக்கிடும்போது அந்த முக்கால் அங்குலத்தையும் கலவையையும் இப்போதே விட்டுவைத்தால் போதும். எங்கள் தாழ்ந்துபோன மேடைக்கு ஓரளவு உயரம் திரும்பக் கிடைத்ததும் இப்படித்தான்.

மேடையின் முன்விளிம்பு கால்களைவிட இரண்டு அங்குலம் வெளியே நீளட்டும், கீழே கால்விரல் நுழைய இடமிருந்தால் நெருங்கி நிற்க முடியும். சின்க்கைச் சுற்றிலும் மேடை சின்க்கை நோக்கிச் சற்றே வாட்டமாக இருக்க வேண்டும். செங்கல் காலுக்கும் பூச்சுக்கும் ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுங்கள். இந்த வேலையைக் கொத்தனாரிடம் விடாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்பது நல்லது.

காற்றும் எரிவாயுவும்

மின்புகைபோக்கி வாங்கும் பணம் இல்லையென்று வருந்த வேண்டாம். அடுப்புக்கு மேலே, தாளிக்கும் புகை எழும் பக்கத்துச் சுவரின் உச்சியில் 9 அங்குல வெளியேற்று விசிறியும், எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வரத் திறந்த சன்னலும் இருந்தால் மிளகாய் தாளிக்கும் கமறல் நின்றுவிடும். உள்ளே வரும் வழி இல்லாமல் விசிறி மட்டும் இருந்தால் அது சுழலுமே தவிரப் புகையை இழுக்காது. பழைய ஓட்டு வீட்டுப் புகைக்கூண்டை அடைத்துவிடாதீர்கள், அது கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே தரைமட்டத்தில், வெளிச்சுவரில், வலை பொருத்திய ஒரு திறப்பு வேண்டும். சிலிண்டரை மேடைக்கடியில் கதவுபோட்ட அறைக்குள் வைப்பதென்றால் கதவின் மேலும் கீழும் துளைகள் இருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது, சுவருக்குள்ளோ பலகைக்குள்ளோ புகுத்தி மறைக்கக்கூடாது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

கொல்லையில் ஒரு விறகடுப்பையும் அம்மியையும் விட்டுவைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரத்தை மட்டும் நம்பிய அடுக்களையில் அரைக்கவும் முடியாது, சமைக்கவும் முடியாது. வேலை நடக்கும் நாள்களிலும் அந்தக் கொல்லையடுப்புதான் தற்காலிக அடுக்களையாக உங்களைக் காப்பாற்றும்.

டைல்ஸும் தரையும்

மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ் போதும். உத்தரம் வரை ஒட்டுவது அழகாக இருக்கலாம், ஆனால் சுண்ணாம்புச் சுவரை முழுவதும் மூடினால் ஈரம் அடைபட்டுப் போகும். அளவு கணக்கிடும்போது மூலையை மறந்துவிடாதீர்கள். ஒரு சுவரில் எட்டடி மேடை, அதன் முன்விளிம்பிலிருந்து திரும்பும் மறுகை ஐந்தடி என்றால் கல் 26 சதுர அடி ஆகும். சுவர் நீளமோ மூலையின் இரண்டடியும் சேர்ந்து 15 அடி, டைல்ஸ் 30 சதுர அடி, உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 33. வெளிர் நிறம், பெரிய கல், குறைந்த இடைவெளி என்று எடுத்தால் பிசுக்குப் பிடிக்கும் கோடுகள் குறையும். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது சிமெண்டுப் பாலுக்குப் பதிலாக எபாக்சி என்னும் பிசின் கலவை கொண்டு இடைவெளியை அடைத்தால் மஞ்சள் கறை ஏறாது.

தரையில் பழைய சிவப்புக் காவித் தரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எடுக்க வேண்டாம். மெழுகிட்டுத் தேய்த்தால் மறுபடி மின்னும், காலுக்குக் குளிர்ச்சியும் அதில்தான். உடைந்துபோயிருந்தால் மட்டும் டைல்ஸ். பத்தடிக்கு எட்டடி அறை 80 சதுர அடி, உடைசலோடு 88. இரண்டடிக் கல் 22 வேண்டும், பெட்டிக்கு நான்கு என்றால் ஆறு பெட்டி. வழுவழுப்பான கல்லை ஒருபோதும் எடுக்காதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் சிந்தும் இடத்தில் வயதானவர்கள் ஒருமுறை வழுக்கி விழுந்தால் ஆகும் வைத்தியச் செலவுக்கு முன்னால் டைல்ஸ் விலை ஒன்றுமில்லை. எல்லாப் பெட்டியிலும் தயாரிப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறம் மாறும். தரை உயர்ந்தால் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும், ஆசாரியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அலமாரி

கறையான் புழங்கும் மண் இது. ஒட்டுப்பலகையால் அலமாரி செய்வதென்றால் கொதிநீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரைப் பலகையாக எடுத்து, தரையைத் தொடாமல் நாலங்குலக் கால்மேல் நிறுத்துங்கள். அதற்குப் பணமில்லையென்றால் மலிவான பலகையை வாங்காதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் அது ஊதிப்போகும். எங்கள் வழி ஃபெரோசிமெண்டு, அதாவது கம்பிவலை வைத்து வார்த்த மெல்லிய சிமெண்டு, பலகைகளைச் சுவரில் பதித்துத் திறந்த தட்டுகளாக விட்டதுதான். ஓராண்டு கழித்து அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டோம், அதுவும் கீழ்த்தட்டுகளுக்கு மட்டும். பழைய வீட்டை இடித்த மரக்கடைகளில் தேக்குப் பலகை கிடைத்தால் மேல் தட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்; வைரம் பாய்ந்த பழைய மரத்தைக் கறையான் எளிதில் தொடுவதில்லை.

கூலியும் கணக்கும்

உடைக்கும் வேலை, பூச்சு, பழைய சுவரைத் தொடும் எதுவும் தினக்கூலிக்கே ஏற்றது, ஏனென்றால் உடைத்தபிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். மேடை, டைல்ஸ் போன்று அளந்து சொல்லக்கூடிய வேலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். பேசியதைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கலவையை மேலே ஏற்றுவது, குப்பையை அள்ளுவது, டைல்ஸ் வெட்டுவது ஆகியவை கூலிக்குள் அடக்கமா என்பதையும் எழுதுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, தண்ணீர் விட்டுச் சோதித்த பின்னரே கொடுப்பதென்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. வேலைக்கு வருகிறவர்களுக்கு வேளாவேளைக்குத் தேநீரும், சொன்ன நாளில் கூலியும் கொடுங்கள். அடுத்த ஆண்டும் அதே கை கிடைப்பதே தவணை வேலையில் பெரிய ஆதாயம், அவருக்கு உங்கள் சுவர் தெரிந்திருக்கும்.

எங்களுக்கு ஆன செலவில் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 40 சுவர், குழாய், மின்சாரத்துக்கும், 35 மேடை, சின்க், டைல்ஸுக்கும், மீதி அலமாரிக்கும் வெள்ளையடிப்புக்கும் போனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒதுக்கிய தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். மூன்று ஆண்டிலும் எங்களுக்கு அது தேவைப்பட்டது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய ஒரு பெட்டி டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் பரணில் ஏற்றுங்கள். மின்கம்பி ஓடும் படங்களை அச்செடுத்து, குழாய்களின் மூடுவால்வு எங்கே இருக்கிறது என்பதையும், எரிவாயு டியூப் மாற்றிய தேதியையும் அதன் பின்புறம் எழுதி, கீழ்த்தட்டுக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.